பதிமூன்று அமாவாசை

“மதினி, கையில என்னா?”

“சோறு.”

“யாருக்கு?”

“காக்காய்க்கு.”

“காக்காய்க்கு ஒரு உருண்டை வச்சாச்சு. மதில் மேல உக்காந்து அது பாட்டுக்குத் திங்குது. மிச்ச ஒம்போது யாருக்குன்னு கேக்குறேன்.”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்குறவனுக்கு என்னத்தைச் சொல்ல. அங்கிட்டுப் போயி ரோட்டைப் பாரு. பவதாரணி வண்டி வந்தாச் சத்தம் குடு.”

அருள்பாண்டி முனகிக்கொண்டே கேட்டுப் பக்கம் போனான். பொன்னுமணி கம்பிவலையை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே நீட்டினாள். பெரிய கடுவன் குரங்கு முதலில் வந்து வாங்கிக்கொண்டு போனது. கடைசியாக வந்தது கிழட்டுப் பெண் குரங்கு சரசு. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு குரங்கு, சின்னி.

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற வழியில், ஒரு பழைய காப்பிக் குடோனையும் அதன் காயப்போடும் களத்தையும் வளைத்து வலை அடித்து, அந்த ஆராய்ச்சி மையத்தை அமைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பலா, இரண்டு மா, ஒன்பது நாட்டுக்குரங்குகள். எல்லாம் வித்தைக்காரர்களிடமிருந்தும் கடைவாசல் சங்கிலிகளிலிருந்தும் வனத்துறை மீட்டுக் கொண்டுவந்தவை. காட்டில் விட்டால் பிழைக்கத் தெரியாது. ஆகவே இங்கே வைத்துப் பராமரித்து, அவற்றின் ஞாபகசக்தியை ஆராய்ந்தார்கள். காலையில் ஒவ்வொன்றாக ஒரு சின்ன அறைக்குள் வரும். அங்கே கண்ணாடித் திரையில் ஒரு படம் தோன்றி மறையும். பிறகு நான்கு படங்கள் தெரியும். முதலில் பார்த்த படத்தைச் சரியாகத் தொட்டால் குழாய் வழியாக அரைக் கடலை விழும்.

கடலைக்கு ஆசைப்பட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அது விதி. சாயங்காலம் நாலு மணிக்குத் தீனி வைத்தால், மறுநாள் பதினோரு மணிக்குச் சோதனை முடிகிற வரைக்கும் தண்ணீர் மட்டும்தான். தீனி அறைச் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பொன்னுமணிக்கு வாசிக்கத் தெரியும். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அந்த விதிப்படிதான் நடந்தாள். அமாவாசையன்று மட்டும் அவளால் முடியவில்லை.

அருள்பாண்டி திரும்பி வந்தான். “வாளியைக் கழுவி வைங்க. இது பதிமூணாவது தடவை. மாட்டுனா ரெண்டு பேருக்கும் சோலி போயிரும்.”

“உனக்கு எதுக்குப் போகுது?”

“பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்ல. ஏன் மதினி, பதினோரு மணிக்கு மேல போட்டா உங்க அமாவாசை கோவிச்சுக்கிருமா?”

“சோலிக்கு வர்றவளுக்கு உச்சிப்பொழுது ஏதுப்பா. காலையில இங்க வந்துதான் காக்காய்க்கு வைக்கிறேன். போன ஆடி அமாவாசைக்கு மொதத் தடவை வச்சேன் பாரு, இந்த ஒம்போதும் வலையைப் புடிச்சுக்கிட்டு வரிசையா நிக்குது. காக்கா திங்குது, இதுக பாக்குது. சரசு இருக்காளே, கையை நீட்டி, குனிஞ்சு சலாம் போட்டா. வித்தைக்காரன் பழக்குன சலாம். செத்தவருக்குச் சோத்தை வச்சுட்டு உசுரோட நிக்கிறதைப் பட்டினி போட்டா, அந்தச் சோறு அவருக்குப் போயிச் சேருமா?”

அருள்பாண்டி வாளியைத் தானே எடுத்துக் கழுவினான். செத்துப்போன அவள் கணவர் அவனுக்கு அண்ணன்முறை.

அடுத்த திங்கட்கிழமை கால்நடை மருத்துவர் ஜோதி எடை போட வந்தார். சரசு தானாகவே தராசுக் கூடையில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கையை நீட்டிச் சலாம் போட்டது.

“வணக்கம் வணக்கம்,” என்றார் ஜோதி. “நாலு கிலோ இருநூறு. ஆறு மாசத்துல முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கு. வயசும் இருக்கு, ஆனா வயசு மட்டும் இல்ல. பவதாரணி, சோதனை அறையில என்ன பண்ணுது?”

பவதாரணி தேவாரம் என்ற ஊர்க்காரப் பெண். முப்பது வயது. மூன்று வருடமாக இந்தக் குரங்குகளை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். “வருது டாக்டர். ஆனா திரையைத் தொடாது. கடலைக் குழாய்க்கு முன்னால கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசம். தொட்டாலும் தப்பாத் தொடுது.” அவள் பொன்னுமணியைப் பார்க்காமல் அடுத்ததைச் சொன்னாள். “மாசக் கடைசிக்குள்ள தேறலைன்னா எடுத்துரச் சொல்லிட்டாங்க.”

“எடுத்துன்னா?” என்றாள் பொன்னுமணி.

“ஆய்வுல இல்லாத குரங்கை இங்க வச்சுக்க அனுமதி இல்லக்கா. வேற மாநிலத்துல ஒரு இடம் சொல்றாங்க. நல்லா பாத்துப்பாங்களாம்.”

“கூட்டத்தோடயா?”

“தனிக் கூடு.”

சின்னி அந்த நேரத்தில் வலைக்கு அந்தப் பக்கம் நின்று, தராசில் இருந்த சரசுவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. போடிமெட்டில் ஒரு டீக்கடைத் தூணில் ஆறு வருடம் கட்டிக்கிடந்த குரங்கு அது. இங்கே வந்தபோது மற்ற குரங்குகளைப் பார்த்துப் பயந்து மூலையிலேயே கிடந்தது. சரசுதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்தது. இன்றைக்கும் சரசு பக்கத்தில் இல்லையென்றால் அது தீனி எடுக்காது.

“அப்ப ரெண்டும் சாகும்,” என்றாள் பொன்னுமணி.

“அக்கா, எனக்கு மட்டும் ஆசையா?”

“உன்னைச் சொல்லலை தாயி.”

உண்மையிலேயே அவளைச் சொல்லவில்லை. போடியில் ஏலக்காய்க் குடோனில் பதினெட்டு வருடம் காய் பொறுக்கியவள் பொன்னுமணி. பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். குனிந்த தலை நிமிராமல் பொறுக்கிய அத்தனை வருடத்தில், நீ என்ன நினைக்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பவதாரணி கேட்டாள்: “அக்கா, இந்தக் கடுவன் ஏன் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு? நீங்க என்ன நினைக்கிறீங்க?” அந்தக் கேள்விக்காகவே அவள்மேல் பொன்னுமணிக்கு ஒரு நன்றி உண்டு. அந்த நன்றிதான் இப்போது உறுத்தியது. ஒளித்து வைக்கிறவள் நன்றியுள்ளவளா?

இரண்டு நாள் கழித்துப் பவதாரணி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தீனி அறைக்கு வந்தாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது. பொன்னுமணி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். அருள்பாண்டி வலை தைக்கிற கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

“அக்கா, சரசுவைக் காப்பாத்திரலாம் போல இருக்கு.”

“எப்படி?”

“வருசம் பூரா கணக்கை நாள்வாரியாப் போட்டுப் பாத்தேன். பதினோரு நாள் மட்டும் நூத்துக்கு எழுவது சரியாத் தொட்டிருக்கா. மத்த நாளெல்லாம் முப்பதுதான். அப்ப மூளையில கோளாறு இல்ல, அவளுக்குத் தெரியுது. அந்தப் பதினோரு நாள்ல என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சாப் போதும். மெசினைப் பாத்தேன், மழையைப் பாத்தேன், யாராச்சும் வந்தாங்களான்னு பாத்தேன். ஒண்ணும் ஒத்துவரலை. தேதியை வாசிக்கிறேன், உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதா பாருங்க.”

அருள்பாண்டி இருமினான்.

பவதாரணி முதல் தேதியை வாசித்தாள். இரண்டாவதை வாசித்தாள். மூன்றாவதை வாசிக்கும்போது பொன்னுமணி கத்தியைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்தால் வேலை தங்கும், சரசு போகும். பேசினால் சரசு ஒருவேளை தங்கலாம்; வேலை போகும், இந்தப் பெண்ணின் படிப்பும் போகும். யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ தெரியாது. நான்காவது தேதி வந்துவிட்டது.

“தாயி, மிச்சத்தை வாசிக்க வேணாம். அதெல்லாம் அமாவாசை.”

“என்னது?”

“பதிமூணு இருக்கணும். ரெண்டு ஞாயித்துக்கெழமையில வந்துச்சு. அன்னைக்குத்தான் உனக்குச் சோதனை கெடையாதே.”

பவதாரணி சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு தேதிகளை ஒத்துப் பார்த்தாள். பதினொன்றும் ஒத்துப்போனது.

“என்ன குடுத்தீங்க?”

“ஒரு கைப்பிடிச் சோறு. உப்புப் போடாம, அவிச்ச பயறு பெசைஞ்சு.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறே முக்கா.”

“ஒம்போதுக்குமா?”

“ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணை விட முடியுமா?”

“அக்கா, எல்லாக் குரங்கும் எல்லா நாளும் ஒரே மாதிரி வெறும் வயித்தோட வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். அப்ப நான் பொய் எழுதியிருக்கேன்.” அவள் குரல் ஏறவில்லை. அதுதான் பொன்னுமணிக்கு அதிகமாகச் சுட்டது. “ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

“சொன்னா நீ வேணாம்பே. வேணாம்னு நீ சொன்ன பெறகு செஞ்சா அது துரோகம். சொல்லாமச் செஞ்சா வெறும் தப்புதான்னு நெனைச்சேன்.”

பவதாரணி மடிக்கணினியை மூடிக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்று அருள்பாண்டி வந்து சொன்னான்.

“நீங்க வாயைத் தெறந்திருக்க வேணாம் மதினி.”

“இருமுனது யாரு?”

“தொண்டை கரகரன்னுச்சு.”

“எனக்கும் அப்படித்தான்.”

மறுநாள் காலையில் பொன்னுமணி சாவிக்கொத்தோடு பவதாரணியின் அறை வாசலில் போய் நின்றாள். கூண்டுச் சாவி, தீனி அறைச் சாவி, தண்ணீர்த் தொட்டிச் சாவி.

“இதை எதுக்கு நீட்டுறீங்க?”

“நீயா வாங்குறதுக்கு முன்னால நானாக் குடுத்துட்டா உனக்குச் சங்கடம் இல்ல.”

“உள்ள வாங்க. உக்காருங்க. கீழ வேணாம், நாற்காலியில.” பவதாரணி திரையைத் திருப்பிக் காட்டினாள். “சரசு கெடக்கட்டும். மத்த எட்டைப் பாருங்க. இந்தக் கோடு வெறும் வயிறு. இந்தப் புள்ளியெல்லாம் உங்க அமாவாசை. ஏதாச்சும் கீழ எறங்கியிருக்கா?”

“எனக்குக் கோடு பாக்கத் தெரியாது. ஆனா புள்ளி மேலதான இருக்கு.”

“மேலதான் இருக்கு. வயிறு நெறைஞ்சா வேலைக்கு வராதுன்னு சொல்லித்தான் பட்டினி போட்டோம். வந்திருக்கு. வெரசா வந்திருக்கு. இன்னொண்ணு, சோதனை அறைக்குப் போற நடைக்கதவுகிட்டச் சண்டை. நீங்கதான் கடி பட்டா நோட்டுல எழுதுவீங்க. இந்தப் பதினோரு நாள்ல ஒரு கடிகூட இல்ல.”

“அன்னைக்கு அதுக ஆத்திரமில்லாம இருக்கும்.”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இத்தனை நாளா நான் திரையைப் பாத்தேன், குரங்கைப் பாக்கலை.” அவள் திரையிலிருந்த புள்ளிகளைக் காட்டினாள். “அக்கா, இந்தப் பதினோரு நாளையும் எடுத்துட்டா என் கணக்கு ஒழுங்கா வந்துரும். யாருக்கும் தெரியாது. எனக்குப் பட்டம் வந்துரும், உங்களுக்கு வேலை நிக்கும். சரசு மட்டும் போயிருவா.”

பொன்னுமணி அந்தக் கணக்கில் தன் வாயிலிருந்து ஒரு சொல் விழக்கூடாது என்று இருந்தாள்.

“நீ என்ன செய்யப்போறே?”

“சாரைக் கூப்பிட்டுட்டேன். மதியம் வர்றார். சாவியை இடுப்புல சொருகுங்க. தண்ணித் தொட்டி இன்னும் தெறக்கலை.”

அன்புச்செல்வன் மதுரையிலிருந்து வந்தார். ஆய்வுக்குத் தலைமை அவர்தான். ஜோதி டாக்டரையும் வரச்சொல்லியிருந்தார். நான்கு பேரும் தீனி அறையில், கேரட் நறுக்குகிற மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அருள்பாண்டி வாசலில் நின்று கம்பி நிமிர்த்தினான். நேற்றே நிமிர்த்தி முடித்த கம்பி அது.

“பொன்னுமணியம்மா, விதி சுவர்ல ஒட்டியிருக்கு. வாசிச்சீங்களா?”

“வாசிச்சேங்க.”

“தெரிஞ்சே மீறினீங்க.”

“ஆமாங்க.”

“இதுக்கு வேலையை விட்டு எடுக்கணும்னு இருக்கு.”

“எடுத்துக்கங்க. சரசுவை மட்டும் தனியா அனுப்பாதீக. வேலை போனப்பறம் நான் இங்க இருந்து கேக்க முடியாது, அதனால இப்பவே கேட்டுக்கிறேன்.”

பவதாரணி குறுக்கிட்டாள். “சார், விதியை ஒட்டினோம். ஏன் அந்த விதின்னு ஒரு நாளும் அக்காகிட்ட நாம சொல்லலை. பட்டினி போட்டா அதுக எப்படி இருக்குன்னும் கேக்கலை. தீனி வைக்கிறவங்களை விட்டுட்டுத் தீனிக்கு விதி போட்டோம்.”

ஜோதி எடைக் காகிதத்தை மேசையில் விரித்தார். “எனக்கும் ஒண்ணு தோணுது சார். சரசு பத்துப் பன்னிரண்டு வருசம் திருவிழாத் திருவிழாவாப் பிச்சை எடுத்த குரங்கு. பசிச்சாக் கையை நீட்டணும், அதுதான் அதுக்குப் பழக்கம். பசியோட உள்ள விட்டா அது திரைக்கு வர்றதில்ல, தெருவுக்குப் போயிருது.”

அன்புச்செல்வன் நெடுநேரம் கோடுகளைப் பார்த்தார். “பதினோரு நாளை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இது ஆய்வு இல்ல, விபத்து. விபத்துல உண்மை இருக்கலாம். ஆனா அதை முறையாக் கொண்டுவரணும். விலங்கு நலக் குழுவுக்கு நடந்ததை அப்படியே எழுதறேன். அவங்க ஒத்துக்கிட்டா ரெண்டு மாசம் சீட்டுப் போடலாம். காலையில ஒரு சீட்டு எடுக்கணும். ‘சோறு’ன்னு வந்தா எல்லாத்துக்கும் சோறு. ‘கூடாது’ன்னு வந்தாக் கூடாது. எது வந்துச்சுன்னு பவதாரணிக்குத் தெரியக்கூடாது.”

“அதுவரைக்கும் சரசு?” என்றாள் பவதாரணி.

“இங்கதான்.” பிறகு அவர் பொன்னுமணி பக்கம் திரும்பினார். “சீட்டு எடுக்கிறது, தீனி வைக்கிறது நீங்கதான். வேற ஆள் வச்சா அதுங்க மிரளும். ஆனா ஒண்ணு. இந்த ரெண்டு மாசத்துலயும் அமாவாசை வரும். சீட்டுல ‘கூடாது’ன்னு வந்தா, அன்னைக்குக் கூடாது. முடியுமா?”

பொன்னுமணி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். “முடியுங்க.”

“சத்தியமா?”

“சத்தியம் எதுக்குங்க. முடியும்னு சொல்லிட்டேன்ல.”

குழு அனுமதி கொடுத்தது. ஆவணியில் ஆரம்பித்தார்கள். தினமும் ஆறரை மணிக்கு அருள்பாண்டி ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்குவான், பொன்னுமணி ஒரு சீட்டை எடுப்பாள், படித்துவிட்டு உறையில் போட்டு ஒட்டுவாள். பவதாரணி எட்டு மணிக்குத்தான் வருவாள். வந்ததும் பொன்னுமணியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

“என்ன தாயி, கோவமா?”

“கோவம் இல்லக்கா. எம் பக்கம் வராதீங்க. உங்க மொகத்துலயே சீட்டுத் தெரியுது.”

“அப்ப முந்தானையைப் போட்டுக்கிரவா?”

“போட்டா அன்னைக்குக் கூடாதுன்னு அர்த்தமாயிரும்.”

அருள்பாண்டிக்குச் சிரிப்புத் தாங்காது. அவன்தான் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனான்.

ஆவணி அமாவாசைக்குச் சீட்டில் சோறு வந்தது. பொன்னுமணி நிம்மதியாக மூச்சு விட்டாள். புரட்டாசி அமாவாசை மகாளயம். வருடத்தில் பெரிய அமாவாசை. அன்று காலையில் அருள்பாண்டி டப்பாவை வழக்கத்தைவிட அதிக நேரம் குலுக்கினான். அவள் எடுத்துப் பிரித்தாள்.

“என்னா வந்திருக்கு மதினி?”

“கூடாது.”

“குடுங்க, உள்ள போட்டுட்டு வேற எடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“சரசுக்குத் தெரியாது, காக்காய்க்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும். ரெண்டு பேரு போதும்.”

உறையை ஒட்டினாள். தூக்குவாளி மூடியபடியே இருந்தது. மதில்மேல் காக்கைகள் வந்து உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தன. பழகிய காக்கைகள், நேரம் தெரிந்து வந்துவிட்டன.

“காக்காய்க்காச்சும் வைங்க. அண்ணே பசியில கத்துறாரு.”

“கத்தட்டும். உங்கண்ணன் உசுரோட இருக்கப்பவே ராத்திரியெல்லாம் லோடு ஏத்திட்டு வந்து, பதினோரு மணிக்குத்தான் எந்திரிச்சுச் சோறு கேப்பாரு. இன்னைக்கு மட்டும் காலையில என்ன அவசரம்.”

சொன்னாளே தவிர, அவள் முகம் சரியாக இல்லை. காக்கைக்கு வைத்தால் இதுகள் பார்க்கும். இதுகளுக்குப் போட்டால் சீட்டுப் பொய்யாகும். ஆகவே ஒருவருக்கும் இல்லை, தனக்கும் இல்லை என்று முடிவு செய்தாள். சரசு வந்து வலைக்கருகில் உட்கார்ந்து கையை நீட்டியது. பொன்னுமணி எழுந்து போகவில்லை. எழுந்துபோவது சுலபம். எதிரிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அதோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு இல்லடி. நாளைக்கு உண்டானு எனக்கே தெரியாது. டப்பாவுக்குத்தான் தெரியும். ஆனா இப்ப பொறுத்தா அப்பறம் எப்பவும் உண்டுங்கிறாங்க. நம்புறியா? நானும் நம்புறேன். வேற என்ன செய்ய.”

எட்டு மணிக்குப் பவதாரணி வந்தபோது பொன்னுமணி தீனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினோரு மணிக்குச் சோதனை முடிந்ததும் கதவைத் திறந்தாள். மதில்மேல் ஒரு உருண்டை, வலைக்குள் ஒன்பது. எல்லாம் ஒரே நேரத்தில். அதற்குப் பிறகுதான் அவள் வாயில் சோறு வைத்தாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் உறைகளைப் பிரித்தார்கள். அன்புச்செல்வன் பிரித்துச் சொல்லச் சொல்ல, பவதாரணி கணினியில் போட்டாள். பாதியிலேயே அவள் கண் நிறைந்துவிட்டது. காலைச் சோறு சாப்பிட்ட நாட்களில் ஒன்பது குரங்குகளில் ஒன்றுகூட வேலையில் குறையவில்லை. நான்கு கூடியிருந்தன. சரசு நூற்றுக்கு அறுபத்தாறு. அந்த நாட்களில் கடி இரண்டே இரண்டு.

“மகாளயத்தன்னைக்கு எது வந்துச்சு சார்?” என்று பவதாரணி கேட்டாள்.

அவர் உறையைத் தேடி எடுத்தார். “கூடாது.” பிறகு அன்றைய எண்களைப் பார்த்தார். சரசு இருபத்தெட்டு. அவர் எழுந்து நின்று, பொன்னுமணியைப் பார்த்துக் கும்பிட்டார். பொன்னுமணி பதறிப்போய் எழுந்தாள்.

“என்னங்க இது, உக்காருங்க.”

“அன்னைக்கு நீங்க போட்டிருந்தா, ரெண்டு மாசமும் வீண். இதை வேற யாரும் செஞ்சிருக்க முடியாதும்மா.”

“செய்யாம இருந்தேங்க. அவ்வளவுதான்.”

குழுவுக்கு அனுப்புகிற அறிக்கையைப் பவதாரணி தமிழிலும் ஒரு பிரதி எடுத்துக்கொடுத்தாள். அருள்பாண்டி அதைத் தீனி அறையில் நின்று உரக்க வாசித்தான். விதியை மீறியது யார், எத்தனை நாள் என்று எல்லாம் மறைக்காமல் இருந்தது. பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த பத்தியில் அவன் நிறுத்தி, முதலிலிருந்து திரும்ப வாசித்தான்.

“‘விலங்குகளுக்கு உணவளிப்பவரின் அவதானிப்பை ஆய்வின் தொடக்கத்திலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது எங்கள் பிழை. திருமதி பொன்னுமணியின் செயலால் எங்கள் விதி தவறு என்பதை அறிந்தோம். அவருக்கு நன்றி.’ மதினி, திருமதின்னு போட்டிருக்கு.”

“இன்னொருக்கா வாசி.”

“மூணாவது தடவை.”

“வாசிடா. உனக்கென்ன வாய் தேயுதா?”

அவன் வாசித்தான். பவதாரணி வாசலில் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. கவனித்ததும் பொன்னுமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நன்றி என்று வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“உம் படிப்பு ஒரு வருசம் தள்ளிப்போச்சுன்னான் இவன்.”

“தள்ளித்தான் போச்சு.”

“என்னால.”

“ஆமா. ஆனா இப்ப எழுதுறது நெசம். தள்ளாம இருந்திருந்தா ஒண்ணாம்நம்பர் பொய்யை எழுதிட்டுப் போயிருப்பேன். அதுக்குத்தான் நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

“நீ நல்லா இருப்பே தாயி,” என்றாள் பொன்னுமணி. அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான்.

குழுவின் உத்தரவு கார்த்திகை பிறந்த வாரம் வந்தது. காலைத் தீனிக்கு முன் சோதனை கூடாது. அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். விருப்பப்பட்டது வரும், விரும்பாததை விரட்டிக்கொண்டு வரக்கூடாது. வேலை செய்யாத குரங்கும் தன் கூட்டத்தோடு இங்கேயே இருக்கும். இந்தக் கடைசி வரியைப் பொன்னுமணி தானே விரல்வைத்து வாசித்தாள். பழைய விதியைச் சுவரிலிருந்து உரித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

புது விதியின் முதல் நாள். மூன்று நாள் மழை விட்டு, மலைமேல் வெயில் அடித்தது. ஆறே முக்காலுக்கு எல்லாம் வயிறாரச் சாப்பிட்டன. ஒன்பது மணிக்குப் பவதாரணி அறைக் கதவைத் திறந்துவிட்டாள். பெரிய கடுவன் வந்தது, முடித்துக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. அடுத்துச் சரசுவின் முறை. பவதாரணி கதவருகே வந்து கூப்பிட்டாள்.

“சரசு. சரசும்மா. வா.”

சரசு மாமரத்தின் தாழ்ந்த கிளையில், வெயில் படுகிற இடமாகப் பார்த்து மல்லாந்து கிடந்தது. சின்னி அதன் வயிற்றில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. சரசு ஒரு கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

“கேக்கலையோ என்னமோ. நான் போயிக் கூப்பிடவா?” என்றான் அருள்பாண்டி.

“கேட்டுருச்சு. வரப் பிரியமில்ல,” என்றாள் பொன்னுமணி. சொல்லிவிட்டுக் கவலையோடு பவதாரணியைப் பார்த்தாள். “இவளுக்காக இம்புட்டுப் பாடுபட்டோம். மொத நாளே இப்படிப் பண்றாளே.”

பவதாரணி தாளில் சரசுவின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

“பண்ணட்டும்க்கா.”

“அப்ப இன்னைக்கு அவளுக்கு லீவா?”

“லீவுதான்.”

“சம்பளத்தோடயா?”

“சாப்பாட்டோட,” என்றாள் பவதாரணி. “அடுத்தது யாரு? கூப்பிடுங்க.”